தவ்லத் ஹாஜிமா வீட்டுச் சுவர்

பஹ்கத்துக்கு வயது முப்பத்தெட்டு. கோபத்துக்கு மட்டும் அறுபது இருக்கும். பிறந்ததிலிருந்தே கால்கள் இரண்டும் நடக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டன. கைகள் வேலை செய்யும், ஆனால் தங்கள் இஷ்டத்துக்கு. பேச்சு இழுத்து இழுத்து வரும். தூரிகையை எடுத்தால் அது முதலில் காற்றில் இரண்டு வட்டம் போடும், அப்புறம்தான் சுவரில் போய் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் அந்தக் கோடு அவன் கோடுதான். இஸ்னா ஊரில் வேறு யாருக்கும் அப்படி வராது.

இளைஞர் மன்றத்தின் பின்கூடத்தில் ஸமீஹா டீச்சர் சனிக்கிழமைதோறும் ஓவிய வகுப்பு நடத்தினாள். கண் தெரியாதவர், காது கேட்காதவர், சக்கர நாற்காலிக்காரர் என்று பதினோரு பேர் வருவார்கள். எல்லாரும் வளர்ந்தவர்கள், இரண்டு பேர் பேரன் எடுத்தவர்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: ஒருத்தர் படத்தில் இன்னொருத்தர் கை படக்கூடாது. அந்தச் சட்டம் வந்ததே பஹ்கத்தால்தான். போன வருடக் கண்காட்சிக்கு அவன் வரைந்த படகைப் பார்த்து, உதவிக்கு வந்த ஒரு நல்ல மனசுக்காரி, பாவம் என்று அதன் கோணலையெல்லாம் நிமிர்த்தி வைத்துவிட்டாள். வந்த பெரிய மனிதர்கள் அந்தப் படகைத்தான் வாய் நிறையப் புகழ்ந்தார்கள். பஹ்கத் இரண்டு மாதம் தூரிகையைத் தொடவில்லை.

இப்போது அவனுக்கு ஒரு சுவர் கிடைத்திருந்தது. ரொட்டி சுடும் தவ்லத் ஹஜ்ஜுக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது ஊர் வழக்கப்படி வாசல் சுவரில் கஅபாவும் விமானமும் ஒட்டகமும் இருக்க வேண்டும். வெறும் சுவராக இருந்தால் தெருவே சிரிக்கும். ஊர்ப் பெயிண்டருக்கு அந்த வருடம் ஒன்பது வீடு. வேறு வழியில்லாமல் தவ்லத்தின் மகன் கத்ரி, ஸமீஹா டீச்சரைத் தேடி வந்தான். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை என் கைதான் என்று பஹ்கத் டீச்சரிடம் சத்தியம் செய்துவிட்டு ஆரம்பித்தான்.

இரண்டு நாளில் ஒட்டகம் நின்றது, விமானமும் ஏறியது. மூன்றாம் நாள் கத்ரி வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

"எல்லாம் சரி, கஅபாவ எங்க போடப்போற?"

"இங்...க."

"இடுப்பு உயரத்துலயா? ஆடு வந்து முதுகு தேய்ச்சுட்டுப் போற இடம்யா இது! பாவம் என் தலையிலதான் விழும். நீ கீழ உள்ளத முடி. மேல பெயிண்டர் வந்து போட்டுடுவார்."

அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் பஹ்கத்துக்கு அதிக எரிச்சல். நாற்காலியில் உட்கார்ந்தபடி அவன் கை எட்டுகிற உயரம் அவ்வளவுதான்.

வர்ணம் கலக்கிக்கொண்டிருந்த வஹீபா நிமிர்ந்தாள். முப்பது வயது, டவுன் சிண்ட்ரோம், கூடத்திலேயே பெரிய அதிகாரி அவள்தான். "அண்ணன ஏத்திவிட்டா ஆச்சு. எங்க வீட்டுக் கழுதைவண்டி சும்மாதான நிக்குது?"

நாற்காலியை வண்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வஹீபா ஒரு கையில் கழுதையின் கயிறும் இன்னொரு கையில் வர்ணக் கிண்ணமுமாக நின்றாள். கஅபா கறுப்பாக, அழகாக எழுந்தது. தங்கப் பட்டைகூடப் போட்டாகிவிட்டது. அடி விளிம்பு ஒன்றுதான் பாக்கி. பஹ்கத் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையை வைத்த அந்த நேரம் பார்த்துச் சந்துக்குள்ளிருந்து பச்சைத் தீவன வண்டி ஒன்று வந்தது.

கழுதைக்குக் கலை தெரியாது, தீவனம் தெரியும். அது நடந்தது. பஹ்கத்தின் கை சுவரை விடவில்லை. டீச்சர் கத்தி, வஹீபா கயிற்றை இழுத்து, கழுதை நின்றபோது கஅபாவின் காலடியிலிருந்து வாசற்படி வரை, சரிந்து சரிந்து, கன்னங்கரேலென்று ஒரு கோடு ஓடியிருந்தது.

கத்ரி தலையில் அடித்துக்கொண்டான். "நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அம்மா வந்துடும்! காலைல சுண்ணாம்பு அடிச்சு மறைச்சுடறேன். பெயிண்டர் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன்."

அவன் போன பிறகு பஹ்கத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வஹீபாதான் வாயைத் திறந்தாள்.

"ரோடு நல்லாத்தான் இருக்கு. ஆளத்தான் காணோம்."

பஹ்கத் கோட்டைப் பார்த்தான். வீட்டு வாசலிலிருந்து நேரே கஅபாவுக்குப் போகிற ரோடு. தவ்லத் கிளம்பிய அன்று, எனக்காக அங்கே வேண்டி துஆ கேளுங்க என்று தெருவே அவள் வாசலில் வரிசையாக நின்றது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"யாரு... யாரு... துஆ கேட்டா?"

வஹீபாவுக்குக் கேட்டது எதுவும் மறக்காது. விரலை மடக்கி ஆரம்பித்தாள். "கறிக்கடை யூன்ஸ், முதுகுவலி. உம்மு ஷாதி, மருமகளுக்குப் புத்தி வரணும். மருமக தனியா வந்து, மாமியாருக்குப் புத்தி வரணும். நம்ம டீச்சர், கூடத்துக்கு மின்விசிறி. நீ என்ன கேட்டண்ணே?"

"நீ கொஞ்சம்... வாய... மூடணும்னு."

"அந்த துஆ மட்டும் கபூலாகல போல."

டீச்சர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. கழுதையின் முன்னால் ஒரு கட்டுத் தீவனத்தைப் போட்டார்கள். வஹீபா சொல்லச் சொல்ல பஹ்கத் போட்டான்: முதுகைப் பிடித்துக்கொண்டு யூன்ஸ், முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமியாரும் மருமகளும், மின்விசிறியைத் தலையில் சுமந்து டீச்சர். இருட்டும் வரை போட்டு, மறுநாள் விடிந்ததும் வந்து போட்டான். மொத்தம் இருபத்துமூன்று பேர். சுண்ணாம்பு வாளியோடு வந்த கத்ரி, வரிசையில் தொந்தியோடு தன்னையே கண்டு வாளியைக் கீழே வைத்தான். "என் தொப்பை இவ்வளவு பெருசா?" என்று கேட்டானே தவிர, சுண்ணாம்பு அடிக்கவில்லை.

அஸருக்குப் பிறகு மேளமும் நாகசுரம் போன்ற குழலும் முழங்க, பெண்கள் குலவையிட, ஹஜ் முடித்து ஹாஜிமாவாகிவிட்ட தவ்லத் வெள்ளை உடுப்பில் வந்து இறங்கினாள். வாசலுக்கு வந்தவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். மேலே கஅபாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தாள். யூன்ஸின் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் திரும்பினாள்.

"எல்லாரும் இருக்காங்க. நான் எங்கடா?"

மேளம் நின்றது. ஹஜ்ஜுக்குப் போனவளைத் தவிர ஊரையே பஹ்கத் வரைந்து வைத்திருந்தான்.

வஹீபா முந்திக்கொண்டாள். "நீங்க யார்கிட்டயும் எதுவும் கேக்கலியே ஹாஜிமா! அதான் வரிசையில வரல!"

தெரு கொல்லென்று சிரித்தது. கத்ரி சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்த ஊர்ப் பெயிண்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். "அம்மா, நீ உள்ள போ. இவர் அஞ்சு நிமிஷத்துல போட்டுடுவார். பஹ்கத் போட்டா இருட்டி மஃரிபு ஆயிடும்."

பஹ்கத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வார்த்தை வரவில்லை. தூரிகையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியை ஹாஜிமா பார்த்தாள்.

"டேய் கத்ரி, வீங்கின காலோட கஅபாவ ஏழு சுத்து சுத்தினேன். அஞ்சு நிமிஷத்துல முடிக்கிறேன்னு எனக்குப் பதிலா எவனாவது சுத்தினானா? எனக்கு ஒரு நாற்காலி கொண்டா. இவன் போடட்டும்."

வாசற்படி ஓரத்தில் கோடு தொடங்கும் இடம் வெறுமையாக இருந்தது. பஹ்கத்தின் கை எட்டுகிற உயரம். ஹாஜிமா எதிரே உட்கார்ந்து, ஒரு வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். அவன் தூரிகை காற்றில் ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது. குழல்காரர் குழலை மடியில் வைத்துக்கொண்டார். ஷர்பத் வந்தது, யாரும் குடிக்கவில்லை. வெள்ளை முக்காடு வந்தது, மூக்கு வந்தது, வீங்கிய கால் இரண்டும் வந்தன. பெயிண்டர் தன் தூரிகையைச் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒரு ஆள் நகரவில்லை.

பஹ்கத் தூரிகையைச் சுவரிலிருந்து எடுத்தான். தெரு முழுக்கத் தன்னையே பார்ப்பதைக் கண்டான்.

"முடிஞ்..." என்றான். மூச்சு வாங்கியது. யாரும் அவனுக்காக அந்த வார்த்தையை முடிக்கவில்லை. "முடிஞ்...சு...து."

அப்புறம்தான் குலவை எழுந்தது.