கழுத்தில் ஒரு கண்

அரண்மனையில் சின்ன ராஜா தன் அண்ணனைக் குத்திக் கொன்ற ரத்தம் கழுவிய தரைகூட இன்னும் காயவில்லை. அதற்குள் முடிசூட்டுக்குத் தங்கக் காசு வேண்டுமாம். வெட்கங்கெட்ட அவசரம்.

காசடிக்கும் பட்டறையிலும் ஓர் அண்ணன் தம்பி. சம்மட்டி போடுகிறவன் அண்ணன். காசின் மேல் அச்சைப் பிடிக்கிறவன் தம்பி. அடி விழும்போது தம்பி கண்ணை மூடிக்கொள்வான். அண்ணன் கை பிசகாது என்று அத்தனை நம்பிக்கை.

தளபதி ஒரு மூட்டையைக் கொண்டுவந்து கொட்டினான். எல்லாம் செத்த ராஜாவின் காசுகள்.

"இது மேலயே புது முகத்த அடி."

"உருக்காம அடிச்சா பழைய முகம் தெரியுங்க. ஒரு பொழுது குடுங்க" என்றான் சம்மட்டிக்காரன்.

தளபதி தம்பியின் காதைப் பிடித்து இழுத்து, அறுத்து, உலையில் எறிந்தான்.

"இன்னொரு வார்த்த பேசினா அடுத்த காது."

தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு தம்பி அச்சைப் பிடித்தான். சம்மட்டிக்காரன் அடித்தான். காசில் புது ராஜாவின் கழுத்தில் பழைய ராஜாவின் கண் ஒன்று விழித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத் தளபதிக்கு ஏது நேரம்? மூட்டையோடு பறந்தான்.

ஊர்வலத்தில் வாரியிறைத்த காசைப் பொறுக்கிய சனம் பார்த்தது. "பெரிய ராஜா முழிச்சுப் பாக்கறாரு" என்று யாரோ சொன்னது தீயாய்ப் பரவியது. கல் பறந்தது. குதிரைக்காரர்களை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். காவலர்கள் கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டினார்கள்.

தளபதி நெற்றி பிளந்து திரும்பி வந்தான். ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து கதவைத் தாழிட்டான். தம்பியின் முடியைப் பிடித்து காசடிக்கும் கல்லில் தலையை அழுத்தினான்.

"ராஜா ஒரு தலை கேக்கறாரு. என் தலையவா குடுப்பேன்? நீயே அடி. அண்ணனே தம்பியக் கொன்னான்னா அவரு மனசு குளிரும். உன்ன விட்டுடுவாரு."

"வழக்கம்போல அடிண்ணே" என்று தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

சம்மட்டிக்காரன் அடித்தான். தளபதியின் மண்டை ஓடு உள்ளே போனது.

"ஓடுடா. பின்கதவ வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டு ஓடு."

"நீ வரலியாண்ணே?"

"வாய மூடிட்டுப் போடா."

முன்கதவு உடைந்தது. சம்மட்டிக்காரன் முதல் ஆளின் முழங்காலை உடைத்தான், அடுத்தவனின் தாடையை. ஈட்டி ஒன்று அவன் விலாவில் இறங்கியது, இன்னொன்று வயிற்றில். அவன் விழவில்லை. பின்னாலிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் சம்மட்டியைக் கீழே விட்டான்.