வெளிர் நீலக் குழாய்

அன்று காலை பதினான்கு பீரங்கிகளைச் சோதித்தேன். பதினைந்தாவது என் அப்பாவுடையது. அதைத் தொடவில்லை. மறந்துபோய் அல்ல.

எங்கள் அரூஸ்டுக் மாவட்டத்தில் உருளைக்கிழங்கு அறுவடை முடிகிற நாளில் எங்கள் ஆட்கள் போடுகிற கூத்து இது. பள்ளிக்கூடத்தை மூன்று வாரம் மூடிவிட்டுக் குழந்தை குட்டியோடு வயலில் குனிந்து கிடந்த முதுகுகளுக்குக் கடைசி நாள் ஏதாவது ஒரு பழிவாங்கல் வேண்டியிருக்கிறது. வெட்டுப்பட்டது, பச்சை பிடித்தது, லாரிக்குப் போகாதது எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்த பீரங்கியில் திணித்து, காலி வயலுக்கு அப்பால் இருக்கிற மேட்டைப் பார்த்துச் சுடுவோம். தடித்த குழாய் ஒன்றில் காற்றை அடைப்பது, பிடியைத் திருப்புவது, நீளக் குழல் வழியாகக் கிழங்கு பறப்பது. அவ்வளவுதான் சங்கதி. யாருடையது அதிக தூரம் போகிறதோ அவருக்கு ஒரு கூடை கிழங்கு டோனட்.

போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு பீரங்கி வெடித்து ஒருவருக்குக் காது கிழிந்தது. அதற்குப் பிறகுதான் சோதிக்கிற வேலையை என் தலையில் கட்டினார்கள். "நீதான மெக்கானிக்கல் படிச்சிருக்க, நீயே பாத்துச் சொல்லு" என்றார் வெர்னல் மாமா. காலமான என் அம்மாவின் அண்ணன். வயல் அவருடையது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ஒரு கூட்டத்துக்கு நான் ஜோசியக்காரி மாதிரி, இன்னொரு கூட்டத்துக்குத் திமிர் பிடித்தவள்.

நான் பார்ப்பது நாலைந்து விஷயம். ஒட்டிய மூட்டு ஒரு நாளாவது காய்ந்திருக்கிறதா, அழுத்தமானி வேலை செய்கிறதா, காற்றை இறக்கிவிடும் திருகு கையால் திரும்புகிறதா. எல்லாவற்றுக்கும் மேலே, குழாய்மேல் அச்சடித்த வரி. கடையில் வெள்ளைக் குழாய் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்ணீருக்கு. இன்னொன்று கழிவுநீருக்கு. அதன் சுவருக்குள்ளே ரொட்டி மாதிரி நுரைதான் இருக்கும். வெளியே ஒரே வெள்ளை, ஒரே தடிமன். அச்சடித்த வரி ஒன்றுதான் வித்தியாசம். தண்ணீர்க் குழாயையே காற்றுக்கு முழுசாக நம்பக் கூடாது, குறித்த அளவில் பாதிக்குமேல் ஏற்றக் கூடாது. மற்றது அழுத்தம் தாங்காது, குளிரில் இன்னும் மோசம், கண்ணாடியாகச் சிதறும். ஆகவே ஒவ்வொருத்தரிடமும் கேட்டேன்: "அந்த வரியைக் காட்டு, என்ன போட்டிருக்குன்னு படி."

அப்பாவிடம் அதைக் கேட்க முடியாது. ஆர்மண்ட் தேரியோவுக்குப் படிக்கத் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முப்பது வருஷம் அறுவடை இயந்திரத்தின் பெல்ட்டில் கல் பொறுக்கினவருக்கு எதற்குப் படிப்பு? மருந்துச் சீட்டு, வங்கிக் கடிதம், பள்ளி அறிக்கை எல்லாம் எட்டு வயதிலிருந்து நான்தான். "கண்ணாடிய வண்டியிலயே விட்டுட்டேன், நீ பாரு" என்பார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது.

பதினைந்தாவதாக அவர் எடுத்து வந்த பீரங்கி முழுக்க வெளிர் நீலம். என் பல்கலைக்கழகத்தின் நிறம். நான் பட்டம் வாங்கின வருஷமாயிற்றே என்று ஒரு டப்பா வாங்கி, குழாய், மூட்டு, திருகு ஒன்று விடாமல் பூசியிருந்தார். "எப்படி புள்ள?" என்றார். அச்சு வரி எங்கேயும் தெரியவில்லை. பெயிண்டைச் சுரண்டச் சொல்லலாம். சுரண்டினால் படிக்கச் சொல்ல வேண்டும். பின்னால் எங்களோடு அறுவடை செய்கிற டுவெய்ன் நின்றிருந்தான், என் அப்பாவை எப்போது மட்டம் தட்டலாம் என்று காத்திருக்கிறவன்.

"அருமையா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வருஷா வருஷம் அதே கடையில், அதே அலமாரியில் எடுக்கிற குழாய்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மதியம் அவர் முறை வந்தது. காலை உறைபனி உருகியும் உருகாமலும் கிடந்தது, பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அப்பா காற்றடிக்கும் இயந்திரத்திலிருந்து காற்று ஏற்றினார், அழுத்தமானியின் முள் அறுபதைத் தாண்டியதும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டுப் பீரங்கியைத் தோளில் தூக்கினார். தோளில் வைக்காதீர்கள், தரையில் கட்டி வைத்துக் கயிற்றால் இழுங்கள் என்று காலையில் தொண்டை வறளக் கத்தியிருந்தேன். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

அவர் தூக்கும்போதுதான் பார்த்தேன். குழாயைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டை உரசின இடத்தில் பெயிண்ட் விரலகலத்துக்கு உரிந்திருந்தது. உள்ளே கறுப்பு எழுத்து. ஒரே ஒரு சொல்தான் முழுசாகத் தெரிந்தது. 'கழிவு.'

கையை ஆட்டிக்கொண்டே முன்னால் ஓடினேன்.

"அப்பா! சுடாத! கைய எடு!"

"தள்ளிப் போ புள்ள, குறி கலையுது."

"காத்த இறக்கு. திருகத் திருப்பு, மெதுவா."

இடது கையால் திருகினார். திரும்பவில்லை. இன்னும் அழுத்தினார். பெயிண்ட் அதை ஒரே கட்டியாகப் பிடித்துவைத்திருந்தது. குழாய் அவர் கன்னத்தை ஒட்டி நடுங்கியது.

"விட்டுரு, முறுக்காத!" என்று அலறினேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"கிழங்குக்கும் இனிமே லைசென்ஸ் வாங்கணும்டா" என்றான் டுவெய்ன். பத்துப் பேர் சிரித்தார்கள்.

"என்னாச்சு இப்போ?" என்றார் அப்பா. "பதினோரு வருஷமா செய்யறேன். எனக்கே பாடமா?"

"அது சாக்கடைக் குழாய்ப்பா! கடையில இடத்த மாத்தி வச்சிருக்கானுங்க. மேலயே எழுதியிருக்கு பாரு, அதக்கூட உனக்கு..."

நிறுத்தினேன். நிறுத்தியும் பயனில்லை. வாக்கியத்தின் மிச்சத்தை வயலில் இருந்த நாற்பது பேரும் கேட்டுவிட்டார்கள்.

"என்ன எழுதியிருக்கு ஆர்மண்ட்?" என்றான் டுவெய்ன், சந்தோஷமாக. "நீயே சத்தமா படியேன், கேப்போம்."

அப்பாவின் முகம் காதுவரை சிவந்தது. அப்புறம் வெளுத்தது. அவர் டுவெய்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பிறகு மேட்டைப் பார்த்துத் திரும்பி, காலை அகட்டி நின்றார். வலது கை பிடிக்குப் போனது. சுட்டுக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற பிடிவாதம் அது. எனக்கும் அதே பிடிவாதம் உண்டு, இவரிடமிருந்துதான் வந்தது.

திருப்பினால் அந்த அதிர்ச்சியிலேயே உடையலாம். பிடுங்கினால் கீழே விழுந்து உடையும். நாலு வருஷப் படிப்பில் கற்ற ஒன்றும் கைகொடுக்கவில்லை. நடந்து போய், காலையில் எல்லாருக்கும் சொன்ன ஒவ்வொரு விதியையும் மீறி, அவர் தோளோடு தோள் ஒட்டி நின்றேன். குழாயின் இந்தப் பக்கம் என் கன்னத்தை வைத்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"சரி, சுடு" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? தள்ளு."

"மாட்டேன். உனக்கு நம்பிக்கை இருந்தா சுடு. என் மூஞ்சியும் இங்கதான் இருக்கு."

"நடீன்."

"அசிங்கப்படுத்திட்டேன், ஒத்துக்கறேன். வீட்டுக்குப் போயி திட்டு, அடி, பேசாம இரு. ஆனா வீட்டுக்கு வாப்பா. எனக்கு வேற யாரும் இல்ல."

அவர் மூச்சு வாங்குவது குழாய் வழியாகவே எனக்குக் கேட்டது. பிடியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

"நீ மொதல்ல நகரு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சேர்ந்தே இறக்குவோம்."

தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி, குழலின் வாயை மேட்டுப் பக்கம் திருப்பியே, உழுத மண்ணின் பள்ளத்தில் கிடத்தினோம். பின்பக்கமாகவே நடந்து மாமாவின் லாரிக்குப் பின்னால் போய்விட்டோம். எல்லாரையும் வண்டிகளுக்குப் பின்னால் போகச் சொன்னேன். போனார்கள்.

பீரங்கி சும்மா கிடந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வெயிலில் அந்த நீலம் அழகாகக்கூட இருந்தது.

"ஒண்ணும் ஆகல பாரு" என்று டுவெய்ன் எழுந்தான். "நானே எடுத்துட்டு வரேன்."

"உக்காருடா நாயே!" என்று கத்தியது நானில்லை, வெர்னல் மாமா. லாரிக்குள்ளிருந்து மூஸ் மான் வேட்டைத் துப்பாக்கியை எடுத்தார், லாரியின் முகப்பில் முழங்கையை ஊன்றினார். "பின்னாடி மேடுதான். காத மூடிக்கோங்க."

ஒரு குண்டு. தொடர்ந்து அதைவிடப் பெரிய இன்னொரு சத்தம். பள்ளத்தில் நீலம் என்று ஒன்று இல்லாமல் போனது.

சில்லுகள் லாரியின் கதவில் சடசடவென்று அடித்தன. அப்பா சற்று முன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கிழங்கு அள்ளுகிற தேவதாருப் பீப்பாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. மேல் பீப்பாயில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சில்லு குத்தி நின்றது. சரியாக அவர் கன்ன உயரத்தில். அப்பா போய் அதைப் பிடுங்கினார். இரண்டு இழுப்பு தேவைப்பட்டது.

டுவெய்ன் கிட்டே வந்தான். பீப்பாயில் இருந்த ஓட்டையைப் பார்த்தான், போய்விட்டான்.

எங்கள் வண்டிக்குள் உட்கார்ந்தோம். அப்பா சாவியைப் போடவில்லை. சில்லின்மேல் இருந்த நீலத்தைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். எழுத்துகள் வந்தன. என் பக்கம் நீட்டினார். இந்த முறை கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"படி."

"அழுத்தத்துக்குப் பயன்படுத்தக் கூடாது."

"கூடாதுங்கறது எது?"

காட்டினேன். சின்னச் சொல்தான். அதன்மேல் விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"காலையில எல்லாரோடதையும் பாத்தியே. என்னோடத மட்டும் ஏன் பாக்கல?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "பாத்தா உன்னப் படிக்கச் சொல்லணும். எல்லார் முன்னாடியும்."

அவர் முன்கண்ணாடி வழியாக வயலைப் பார்த்தார். ஆட்கள் குனிந்து நீலச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், அறுவடை இன்னும் முடியாத மாதிரி.

"அடுத்த வருஷம் கேளு" என்றார். "எல்லார் முன்னாடியும் கேளு."

சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.