ஜாபஸ் கேட்ட அனுமதி

கூடத்தின் நடுவே இரண்டு பெஞ்சுகளின்மேல் சவப்பெட்டி. தலைமாட்டில் ஜாபஸின் அம்மா சகாயம்மாள், மூடியில் உள்ளங்கையைப் பதித்தபடி. கால்மாட்டில் போதகர் கிறிஸ்துராஜ், பிளாஸ்டிக் நாற்காலியில். சுவரோரம் பாயில் சபைப் பெண்கள். அடுக்களை நிலையில் சாய்ந்து, ஜாபஸின் மனைவி ஸ்வீட்லின். வாசலுக்கு வெளியே, செருப்புகள் குவிந்த இடத்தில், ஃபாரூக்.

பூந்தமல்லி ஃபாரூக்கும் பட்டாபிராம் ஜாபஸும் அம்பத்தூரில் ஒரே பட்டறையில் ஃபிட்டர்கள். ஆப்பிரிக்காவில் மின்கோபுர வேலைக்கென்று ஒன்றாய் விமானம் ஏறியவர்கள். திரும்பும்போது ஒருவன் இருக்கையில் வந்தான், ஒருவன் பெட்டியில் வந்தான்.

"பெட்டியத் தொறக்கக் கூடாதுன்ட்டாங்களே, எம்புள்ள மூஞ்சிய எப்பிடிப் பாப்பேன்?" என்று சகாயம்மாள் தேம்பினாள்.

"உங்க மகன் ரத்தசாட்சிம்மா," என்றார் போதகர். "துப்பாக்கிய நீட்டி கிறிஸ்தவனான்னு கேட்டப்ப ஆமான்னு சொல்லி உயிரக் குடுத்தவன். ஸ்வீட்லின், சபைப் பத்திரிகைக்கு நீயே நாலு வரி எழுதும்மா. ஞாயிறு பள்ளிப் புள்ளைங்க படிக்கட்டும்."

பெண்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஸ்வீட்லின் வாசல் பக்கம் பார்த்தாள்.

பத்து நாளைக்கு முன் ஜாபஸ் போனில் கேட்டிருந்தான். "தீவிரவாதிங்க வண்டிய நிறுத்தி இன்னா மதம்னு கேக்குறானுங்களாம் ஸ்வீட்டி. நம்மளக் கேட்டா இன்னா சொல்றது?"

அவள் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பதுதான் வாயில் வந்தது. "இதெல்லாம் ஒரு கேள்வியா? மனுஷர் முன்னாடி அவரை மறுதலிச்சா, பிதா முன்னாடி அவரு நம்மள மறுதலிப்பாரு. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். போன வையி, கை ஈரமா கீது."

அந்தப் பேச்சு அவனோடு அந்தச் சாலைவரை போனதா? அது தெரிந்தவன் ஃபாரூக் ஒருவன்தான். நிலையை விட்டு வாசலுக்குப் போனாள்.

"உள்ள வாங்கண்ணே."

"எந்த மூஞ்சிய வெச்சிகினு வர்றது தங்கச்சி?"

"அங்க இன்னா நடந்துச்சி?"

அவன் தரையைப் பார்த்தான். "எந்தங்கச்சி புருஷன், எங்காளு, பேரு ஜாஃபருன்னு நானே முந்திகினு சொல்லிட்டேன். பாதி நம்பிட்டானுங்க. நீயே சொல்லுன்னு அவன் பக்கம் திரும்பினானுங்க. ஒரு தலையாட்டு போதும் தங்கச்சி. ஒரே ஒரு தலையாட்டு."

"அவரு?"

ஃபாரூக் குனிந்து, கவிழ்ந்து கிடந்த ஒரு செருப்பை நேராக்கி வைத்தான்.

"எங்கிட்ட மறைக்காதீங்கண்ணே."

"என்னப் பாத்து சிரிச்சான். 'ஊட்ல டீச்சர் கீறா மச்சான், முட்டை மார்க்கு போட்ருவா'ன்னான். அப்பால அவனுங்களப் பாத்துத் தன் பேரச் சொன்னான். கிறிஸ்தவன்னும் சொன்னான்."

உள்ளே யாரோ பாட்டெடுத்தார்கள். ஸ்வீட்லின் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"வாங்கண்ணே," என்றாள். "தூக்க ஆள் வேணும்."

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை, கோடு போட்ட தாளில் ஓரம் விட்டு, தேதியிட்டு எழுதினாள்.

'என் கணவருக்குச் சாக விருப்பம் இல்லை. சாகாமல் இருக்க என்னிடம் அனுமதி கேட்டார். நான் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன்.'

நாலாவது வரி வரவில்லை. கையெழுத்துப் போட்டு மடித்து, சபைப் பத்திரிகையின் முகவரி எழுதிய உறையில் இட்டாள்.

தபால் நிலையத்தில் கவுண்டர் திறந்திருந்தது. மேசையிலிருந்த பசையை உறையின் மடிப்பு நெடுகத் தடவி, கட்டைவிரலால் ஒட்ட ஒட்ட அழுத்தினாள்.

"போதும்மா, ஒட்டிக்கிச்சி. குடு," என்று கவுண்டர்ப் பெண் கை நீட்டினாள்.

முத்திரை விழுந்தது. உறை சாக்குக்குள் போனது. பின்னால் நின்றவர் முன்னால் நகர்ந்து, மணியார்டர் ஃபாரம் கேட்டார்.