இடது கன்னம், வலது கன்னம்

தோசை மாவில் உப்புப் போட்டுக் கலந்துகொண்டிருந்தேன். லாய்ட் குளியலறையிலிருந்து நேராக அடுப்படிக்கு வந்து இடது கன்னத்தை என் முன்னால் நீட்டினார். வலது கன்னத்தில் இன்னும் நுரை.

"தொட்டுப் பாரு சோஃபி. ஜப்பான் பிளேடு."

புறங்கையால் தொட்டேன். "வழவழன்னுதான் இருக்கு."

"நேத்து எகிப்து பிளேடு போட்டனே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"நேத்தும் வழவழன்னுதான் இருந்துச்சு. ஆளை விடுங்க, அடுப்புல கல்லு காயுது."

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்ப்பாடு தெரியாத பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் என் பவுடர் டப்பா வைக்க இடமில்லை. ரஷ்யா, துருக்கி, ஜப்பான் என்று எந்தெந்த நாட்டு பிளேடோ அங்கே குடியிருக்கிறது. ஊரெல்லாம் பிளாஸ்டிக் ரேசரை வாங்கி இழுத்துவிட்டு வேலைக்குப் போகிறது. இவர் மட்டும் பிரஷ்ஷை ஊற வைத்து, சோப்பைக் குழைத்து, இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடை அந்தக் காலத்து எவர்சில்வர் ரேசரில் மாட்டி, ஒரு கன்னத்துக்கு ஒரு பிளேடு என்று பரீட்சை வைப்பார். அதில் ஒரு சட்டம் வேறு. ஷேவ் பண்ணின கையே தீர்ப்புச் சொல்லக் கூடாதாம், அது தன் வேலைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளுமாம். இன்னொருவர்தான் தொட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த இன்னொருவர் ஷாஹுல் ஹமீது. தி. நகரில் பெல்ட்டும் வாட்ச் பட்டையும் விற்கிற கடை வைத்திருப்பவர். ரேசருக்குத் தோல் உறை கேட்டு இவர் அந்தக் கடைக்குப் போன அன்று ஆரம்பித்த சிநேகம். அதற்குப் பிறகு எந்த பிளேடு கிடைத்தாலும் ஆளுக்குப் பாதி. சனிக்கிழமை காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில், குப்பத்துப் பக்கம் கடைசியாக இருக்கிற சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, இவர் கன்னத்தை அவரும் அவர் கன்னத்தை இவரும் தடவிப் பார்ப்பார்கள். "இன்னா சார், வூட்ல தொடறதுக்கு ஆள் இல்லியா?" என்று மீன்காரம்மா ஒருத்தி கேட்டுச் சிரித்ததை ஹமீதுதான் என்னிடம் சொன்னார், சொல்லும்போதே அவருக்குப் புரையேறிவிட்டது. பிளேடு நன்றாக இருந்தால் "பளிங்கு நைனா" என்பார். சரியில்லை என்றால் "உப்புத்தாள்". நடுவில் வேறு மார்க்கே கிடையாது. லாய்டுக்கு வெடுக்கென்று வெட்டுகிற ஜப்பான் பிளேடுதான் உசத்தி. ஹமீதுக்கு மெத்தென்று போகிற எகிப்து பிளேடு. இதற்காக இரண்டு கிழங்களும் பெஞ்சில் மணிக்கணக்காகச் சண்டை போடும்.

போன வருஷம் ஹமீதும் அவர் மனைவி சகினாவும் மெக்காவுக்கு உம்ரா போய் வந்தார்கள். எங்களுக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். கூடவே தாடியும். அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து, யாரோ சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அவன் தாடி வச்சுட்டான்" என்றார்.

"அவர் மூஞ்சி, அவர் வச்சாரு. உங்களுக்கென்ன?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. இனிமே அவனுக்கும் எனக்கும் பேசறதுக்கு என்ன இருக்கு?"

தொழுகையும் தாடியும் அவரைப் பிடிக்காமல் பண்ணிவிட்டதோ என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். "சீ, அதெல்லாம் இல்ல" என்றார். பொய் இல்லை. இவரே விடியற்காலையில் சர்ச்சுப் பூசைக்குப் போகிறவர். வெறும் வீம்புதான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வீம்பு. அடுத்த சனிக்கிழமை முழங்கால் வலி என்றார். மொட்டை மாடிக்கு ஏறிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது வலிக்காத முழங்கால். ஹமீது போன் பண்ணினால், "வலி விடல பாய், பார்க்கலாம்" என்பார். அப்புறம் எடுப்பதையே நிறுத்தினார். பேரீச்சம்பழத்தை நான் ஒருத்தியாகத் தின்று தீர்த்தேன். தீர்ப்புச் சொல்கிற உத்தியோகம் என் தலையில் விழுந்தது.

அன்று காலை அவர் மறுபடி குளியலறைக்குத் திரும்பும்போதுதான் என் போன் அடித்தது. ஹமீதின் மகள் ஃபிர்தௌஸ்.

"ஆன்ட்டி, அத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்துடுச்சு. ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்கு இட்டுனு வந்துட்டோம். வலது கை, கால் வரல. பேச்சும் வரல. சலூன்காரரைக் கூப்ட்டா கிட்டயே விட மாட்டேங்கறாரு, அந்த பிளேடு டப்பாவையே காட்டிக்கினு கீறாரு. அங்கிள் வருவாரா?"

நான் திரும்புவதற்குள் லாய்ட் நுரையைத் துண்டால் வழித்துவிட்டு, ரேசரையும் பிரஷ்ஷையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏறின பிறகுதான் கவனித்தேன்.

"ஏங்க, பாதி மூஞ்சி அப்படியே இருக்கு."

வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ராயப்பேட்டை சிக்னலில் வண்டி நின்றபோது, "போன மாசம்கூடக் கூப்பிட்டான் சோஃபி. அடிச்சு நிக்கற வரைக்கும் பார்த்துக்கினே இருந்தேன். எடுக்கல" என்றார். "என்ன சொல்ல வந்தானோ." திட்டுவதற்கு எனக்கு நாக்கு நுனிவரை வார்த்தை இருந்தது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தவை. அவர் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் காதோரம் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துவிட்டேன்.

மீர்சாகிப்பேட்டையில் மாடி வீடு. ஹமீதை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து, வலது பக்கம் தலையணை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. தாடி வெள்ளை வெளேரென்று மார்புவரை இருந்தது. ஆனால் தாடிக்குக் கீழே கழுத்திலும், மேலே கன்னத்து எலும்பிலும் முடி கன்னாபின்னாவென்று முளைத்திருந்தது. லாய்டைப் பார்த்ததும் அவர் கண் அந்தப் பாதி முகத்தில் போய் நின்றது. அப்புறம் வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது.

லாய்ட் குனிந்து அந்தக் கழுத்தைப் பார்த்தார். சகினாதான் பேசினாள்.

"தாடி வச்சவருக்குக் கழுத்து இல்லாம பூடுமாண்ணே? தெனம் மேலயும் கீழயும் கோடு போடுவாரு. அதே பிளேடுங்கதான். சனிக்கெழம ஆனா பெஞ்சுக்குப் போய் ஒக்காந்துட்டு வருவாரு. வந்து என்னாண்ட கழுத்த நீட்டிக்கினு, தொட்டுச் சொல்லு, தொட்டுச் சொல்லுன்னுவாரு. எனக்கு இன்னா தெரியும்? நல்லா கீதும்பேன். ஒனக்கு ஒண்ணும் தெரியல, லாய்டுக்குத்தான் தெரியும்னுவாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர குடுத்துக் கீறாங்க. பார்த்து" என்றாள் சகினா.

லாய்ட் ரேசரைத் திருகித் திறந்து ஜப்பான் பிளேடை எடுத்துத் தாளில் சுற்றி வைத்தார். ஹமீதின் டப்பாவைக் கிளறி எகிப்து பிளேடு ஒன்றை எடுத்து மாட்டினார். வெண்ணெய் வெட்டத்தான் ஆகும் என்று அத்தனை வருஷமும் இவர் கிண்டல் பண்ணின பிளேடு. வெந்நீர் வாங்கி, நுரை குழைத்து, ஹமீதின் கன்னத்து மேட்டிலிருந்து ஆரம்பித்தார். கழுத்தில் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். ஒரு கீறல் விழவில்லை. இந்த மனுஷனுக்கு இவ்வளவு பொறுமை உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இதில் கால்வாசி இருந்திருந்தால் அந்த போனை எடுத்திருக்கலாம்.

துடைத்து முடித்ததும் இரண்டு பக்கத்தையும் தடவிப் பார்த்தார். "பளிங்கு" என்றார். "எகிப்துதான் பாய். நீ சொன்னதுதான் சரி."

ஹமீதின் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது, வார்த்தையாகவில்லை. எப்போதும் தீர்ப்புச் சொல்கிற வலது கை மடியில் கிடந்தது. லாய்ட் நாற்காலிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டார், வலிக்காத முழங்காலைப் போட்டு. அந்தக் கையைத் தூக்கி, காலையில் வழித்த தன் இடது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"இப்ப நீ சொல்லு."

விரல்கள் அசையவில்லை. ஹமீது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடது கை தானாக எழுந்து வந்து, லாய்ட் வழிக்காமல் விட்ட வலது கன்னத்தைத் தொட்டது. முடிக்கு எதிராக மெதுவாகத் தேய்த்தது, மேலே, கீழே, மறுபடி மேலே. அந்தக் கை நிற்கவே இல்லை. மற்றக் கையை லாய்டும் விடவில்லை, இரண்டு கைக்கும் நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு, தீர்ப்புக்காக ஹமீதின் வாயையே பார்த்தபடி இருந்தார்.