முன் சீட்டில் ஆள் இல்லை

காலை ஆறு மணிக்குப் பஸ் புறப்பட்டபோது உள்ளே இருபத்தாறு பயணிகள். அத்தனை பேரும் தன்னையே பார்ப்பது போல் இருந்தது கைடுக்கு.

இருக்காதா பின்னே? இரண்டு வருடமாக டிராவல்ஸ் ஆபீசின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் பார்த்தே இராத காட்டையும் கோட்டையையும் தீவையும் போனில் வர்ணித்தவள். இன்றுதான் முதல் முறையாக விசில் அவள் கழுத்தில்.

ஒரே நாள். மூன்று இடம்.

முன் சீட்டில், அவளை ஒட்டி, டிராவல்ஸ் முதலாளி. அதாவது அவள் கணவனின் அக்கா. மணிக்கட்டில் வாட்ச், மடியில் நோட்டு.

"ஒரு குறை இல்லாம எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்தா, இந்த டிரிப் இனிமே உன்னோடது. இல்லேன்னா திங்கட்கிழமை பழையபடி ஜன்னல்தான்."

"சரி அண்ணி." கைடு எழுந்து நின்று விசில் ஊதினாள். "எல்லாரும் கேளுங்க! நான் தலை எண்ணப் போறதில்ல. உங்க பக்கத்து சீட்டுக்கு நீங்கதான் பொறுப்பு. ஆள் இருக்கான்னு நான் கேட்பேன். பார்த்துட்டுப் பதில் சொல்லணும்."

"ஏன், எண்ணினா என்னவாம்?" என்றாள் அண்ணி.

"ஒருத்தர் குனிஞ்சா ஒண்ணு குறையும். ஒரு குழந்தை இடம் மாறினா ஒண்ணு கூடும். எண்ணினாதான் தப்பாகும் அண்ணி."

"கணக்குல வீக்குன்னு நேரா சொல்லிட்டுப் போயேன். சரி, எனக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான். உங்களை நான் பார்த்துக்கறேன்."

டிரைவர் சிரிப்பை மீசைக்குள் அமுக்கிக்கொண்டார். நாற்பதைத் தாண்டி வண்டி ஓட்டியதே இல்லை என்பதால் அவருக்கு ராக்கெட் என்று பெயர்.

எட்டு மணிக்குத் தேசியப் பூங்கா. ஜீப்பின் முன்னால் பத்தடி தூரத்தில் கிளை விரித்த கொம்போடு ஒரு கலைமான் வந்து நின்று, எல்லாரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. அது போன பிறகுதான் யாருக்கும் மூச்சே வந்தது.

பகல் பன்னிரண்டுக்குப் பழைய கோட்டை நகரம். பீரங்கியின் வாய்க்குள் புறா கூடு கட்டியிருந்தது. பஸ்சுக்குத் திரும்பியதும், "ஆள் இருக்கா?" என்று கேட்டாள் கைடு.

"எனக்கு இல்ல!" என்றாள் பச்சைத் தொப்பி போட்ட பெண்மணி. "வீட்டுக்காரரைக் காணோம். தேடறதுன்னா நிதானமாவே தேடுங்க, அவசரமில்ல."

இரண்டே நிமிடம். வாட்ச் ரிப்பேர் கடை வாசலில் வாயைப் பிளந்து நின்றவரைக் கைடு கையோடு பிடித்து வந்தாள். திட்டம் வேலை செய்கிறது! அண்ணி நோட்டில் ஏதோ எழுதினாள். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

மூன்று மணிக்குத் தீவு. கடலுக்குள் அரைக் கிலோமீட்டர் கல் பாவிய பாதை. நீர் வற்றியிருக்கும்போது மட்டும் நடக்கலாம்.

"நாலே முக்காலுக்குப் பாதை முங்கிடும்மா," என்றார் கரையில் இருந்த காவலாளி. "அப்புறம் ராத்திரி பூரா அது மீனுக்குத்தான்."

நான்கு பத்துக்கே எல்லாரையும் கரைக்குக் கொண்டுவந்துவிட்டாள் கைடு. பஸ்சில் ஏறி விசில் ஊதினாள்.

"பக்கத்து சீட்டைப் பாருங்க! ஆள் இருக்கா?"

"இருக்கு!" என்று பஸ்சே கத்தியது.

முடிந்தது! ஜெயித்தாயிற்று! "போலாம் ரைட்!"

வண்டி நகர்ந்தது. உடனே நின்றது.

"தங்கச்சி," என்றார் ராக்கெட் மெதுவாக. "எல்லாருக்கும் ஆள் இருக்கு. உனக்கு?"

கைடு திரும்பினாள்.

முன் சீட்டில் நோட்டு இருந்தது. நோட்டு மட்டும்தான்.

எல்லா இடத்திலும் முதல் ஆளாக வந்து உட்காருகிற அண்ணி. இப்போதும் வந்திருப்பாள் என்று... பார்க்கவே இல்லை!

"முதலாளியம்மாவையே விட்டுட்டு வந்துட்டியா!" என்று பச்சைத் தொப்பி அலறுவதற்குள் கைடு கீழே குதித்திருந்தாள்.

அண்ணியின் போனுக்குச் சிக்னல் இல்லை. காவலாளி குறுக்கே கை நீட்டினார். "மணி நாலு இருபது. போனா அப்படியே திரும்பிடணும்."

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். கல்லுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் மனசு சொன்னது. ஜன்னல். ஜன்னல். ஜன்னல்.

தீவின் ஒரே உயரம் கலங்கரை விளக்கம். அண்ணாந்து பார்த்தாள். உச்சி மாடத்தில் ஓர் உருவம் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது.

அண்ணியா? குதிக்கிறாளா?

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

"வா வா வா!" கையில் போனோடு, கலைந்த தலையோடு அண்ணி அவளை இழுத்துக் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தினாள். "டால்ஃபின்டி! எட்டு... இல்ல, பத்து! ஒண்ணு முங்கினா ஒண்ணு எழும்புது. எண்ணவே முடியல!"

வெள்ளி முதுகுகள் வளைந்து வளைந்து பாய்ந்தன. மூன்று விநாடி கைடும் எல்லாவற்றையும் மறந்தாள். நான்காவது விநாடி அண்ணியின் கையைப் பற்றினாள்.

"ஓடணும் அண்ணி!"

"ஓடற வயசாடி எனக்கு?"

"கீழே பாதையைப் பாருங்க."

அண்ணி பார்த்தாள். "ஓடறேன்."

முதலில் கணுக்கால். பிறகு கெண்டைக்கால். கடைசி ஐம்பது அடியில் முழங்காலைத் தொட்டது. இருபத்தாறு பேரும் கரையில் நின்று பந்தயம் பார்ப்பது போல் ஆர்ப்பரித்தார்கள். அவர்கள் கரையேறியபோது காவலாளி வாட்சைப் பார்த்துவிட்டுப் பாதைக்குக் குறுக்கே சங்கிலியை மாட்டினார்.

எல்லாரும் பஸ்சில் ஏறினார்கள். சொட்டச் சொட்ட உட்கார்ந்து அண்ணி நோட்டைத் திறந்தாள்.

"முன் சீட்டை யார் பார்த்திருக்கணும்?"

"நான்தான் அண்ணி. எல்லாரையும் பார்க்கச் சொல்லிட்டு நான் பார்க்கல. தப்பு என்னோடதுதான்."

"ம்ம். நான் வேணும்னேதான் அங்கே நின்னேன். டெஸ்டு."

"டெஸ்டு வைக்கறவங்க எதுக்கும்மா அந்தக் குதி குதிச்சீங்க?" என்றாள் பச்சைத் தொப்பி. "இங்கேருந்தே தெரிஞ்சுதே!"

அண்ணி முறைத்தாள். உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "மணி பார்க்கவே மறந்துட்டேன், போதுமா?"

நோட்டில் ஒரு வரி எழுதிக் கைடிடம் நீட்டினாள். 'முன் சீட்டுக்கு டிரைவர் பொறுப்பு.'

"அப்போ... திங்கட்கிழமை ஜன்னல்?"

"அதுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன். நீ அடுத்த வாரம் முன் சீட்டை யாருக்கும் குடுத்துத் தொலைக்காதே. எட்டா பத்தான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

கைடு எழுந்தாள். விசில் ஊதினாள். "ஆள் இருக்கா?"

"இருக்கு!"

ராக்கெட் கண்ணாடியில் பார்த்தார். "முன் சீட்டும் இருக்கு. ஈரமா இருக்கு."

சொல்லிவிட்டு, சரித்திரத்தில் முதல் முறையாக, வண்டியை ஐம்பதில் விட்டார்.