பட்டி பூசிய சைக்கிள்

முன்பல் பாதி போய், தாடையில் ஏழு தையலோடு அவள் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, சோதனை அறையில் அவளுடைய நாற்காலி முதுகில் யாரோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு பறவை. விரித்த இறக்கை, திறந்த அலகு, அலகுக்குள் ஒரு பல் குறைவு. பறவைக்குப் பல் ஏது என்று கேட்கக்கூட அங்கே ஆளில்லை.

"என்ன பறவை, தரை இறங்கியாச்சா?" என்று கடைசல் மிஷின் பக்கமிருந்து ஒரு குரல். கூடவே நாலைந்து சிரிப்பு.

அவள் காகிதத்தைக் கிழித்துக் கசக்கி எறிந்தாள். வாய் திறந்து பதில் சொல்லத் தையல் விடவில்லை. நல்லதாகப் போயிற்று.

அது இரும்பு வார்ப்பு ஆலை. பம்புக்கும் வால்வுக்குமான உடல்கள் வார்த்து வரும். அவற்றில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. துடைத்த இரும்பின் மேல் சிவப்பு மருந்தைப் பூசி, பத்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளை மருந்தை அடிக்க வேண்டும். விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு, வெள்ளை மேல் கோடாகக் கசிந்து வரும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுக்கும் வேலை. அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். பள்ளிக்கூடம் பெருக்கும் அம்மாவின் சம்பளத்தில் வாங்கிய பட்டம். அந்த மேசை அவளுக்கு வேலை மட்டுமல்ல, சொத்து.

அந்தச் சொத்துக்குத்தான் இப்போது உலை வைத்திருந்தார்கள்.

வைத்தவர் கேப்டன். சோதனைப் பிரிவின் மூத்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு சரக்கும் வெளியே போகாது. ஞாயிறு காலை ஆலையின் பெரிய தலைகள் சைக்கிள் ஓட்டப் போகும் குழுவுக்கு அவர்தான் தலைவர்; பெயரும் அங்கிருந்துதான் வந்தது. யாருக்கு எந்த வேலை, யாரை எந்தப் பயிற்சிக்கு அனுப்புவது என்பதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் முடிவாகும். ஆபீசில் நடப்பது கையெழுத்து மட்டும்.

அவளும் அதில் சேர ஆசைப்பட்டாள். ரேஸ் சைக்கிள் வேண்டும். புதிதின் விலையைக் கேட்டதும் கடைக்காரரிடம் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவந்தாள்.

"என்னோட பழசு ஒண்ணு சும்மா கெடக்கும்மா. உனக்குன்னா பாதி விலை கூட வேணாம், கால்வாசி குடு" என்றார் கேப்டன். அவள் டயரை அழுத்திப் பார்த்தாள், கியரை மாற்றிப் பார்த்தாள், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள். முதன்முதலாக வாங்குகிறவள் வேறென்ன பார்ப்பாள்? ஹேண்டிலுக்குக் கீழே குழுவின் ஸ்டிக்கர் பளபளவென்று ஒட்டியிருந்தது. அதைத் தடவியபோது அவர் சிரித்தார். "தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்மா."

மாட்டின் பல்லைப் பார்க்காததற்கு இவள் பல் போயிற்று.

ஒரு வாரம் மிதிக்கும்போதெல்லாம் 'டிக், டிக்' என்றது. கேட்டதற்கு, "புது ஆளு, மிதி பழகல, போகப் போகச் சரியாயிடும்" என்றார். முதல் ஞாயிறு, மேட்டிலிருந்து இறங்கும்போது ஹேண்டில் காய்ச்சல்காரன் கைபோல நடுங்கியது. பிறகு சாலை எழுந்து வந்து முகத்தில் அறைந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் எழுதியது: முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் பறக்கத்தான் செய்வார்கள். கீழே முப்பது பேர் பறவைப் படம் போட்டார்கள். அதோடு விட்டாரா? மேனேஜரிடம் போய், "நிதானமில்லாத பொண்ணு சார். சோதனை மேசை வேணாம். ஃபைல் அடுக்குற பக்கம் போட்டுடலாம்" என்று ஓதியிருந்தார். வெள்ளிக்கிழமை மாற்றல் உத்தரவு வருகிறது என்று ஆபீஸ் பெண் அவள் காதில் போட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை அம்மா சைக்கிளை வீட்டு வாசலில் சாய்த்துவைத்து, ரத்தக்கறை போகத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எதுக்கும்மா கழுவுற? பழைய இரும்புக்குத்தானே போகுது."

"பழைய இரும்புக்காரன் என் பொண்ணு ரத்தத்தைப் பாக்கணுமா? வாயை மூடு, தையல் பிரியும்." தேய்த்த தேய்ப்பில் ஸ்டிக்கர் சுருண்டு வந்தது. அம்மாவின் கை நின்றது. "இங்க வா. இந்த எடம் மட்டும் ஏன் மொழுமொழுன்னு இருக்கு? உடைஞ்ச சுவத்துல பட்டி பூசுன மாதிரி?"

அவள் குனிந்து நகத்தால் சுரண்டினாள். பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே பட்டி. பட்டிக்கு அடியில், குழாயின் மேல், மயிரிழைக் கோடு. அதற்குமேல் ஒன்றைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கோட்டின் இரண்டு முனையிலும் ஊசிமுனை அளவு ஓட்டை.

விரிசல் மேலே ஓடாமலிருக்க அதன் முனைகளில் துளை போடுவார்கள். இது விரிசல் என்று தெரிந்தவன், அதன் முனை எங்கே முடிகிறது என்று பார்க்கத் தெரிந்தவன் மட்டுமே செய்கிற காரியம். அதைச் செய்துவிட்டுப் பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கரும் ஒட்டி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அவளிடம் விற்றிருக்கிறார்.

அந்த நொடியில் அவள் மனதுக்குள் அவர், அவன் ஆனார்.

"என்னடி அது?"

"ஒண்ணுமில்லம்மா. இதைக் கழுவாத. அப்படியே வை."

ஊருக்கெல்லாம் விரிசல் பார்ப்பவள் தன் தொடைக்கு நடுவே இருந்ததைப் பார்க்கவில்லையே என்ற வெட்கம் அவளைப் பிடுங்கியது. ஆனால் வெட்கத்தை வைத்து என்ன செய்வது? கோபத்தை வைத்துத்தான் ஏதாவது செய்யலாம். நேராகப் போய்க் கேட்டால், "நீ விழுந்ததுல வந்த விரிசல், நீயே ஓட்டை போட்டுட்டு வந்து நிக்கிற" என்பான். அவன் வாயாலேயே வர வேண்டும். அவன் எதற்கு வாயைத் திறப்பான் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் அவன் பக்கத்தில் நின்றிருக்கிறாள். கேப்டனைத் திருடன் என்று சொன்னாலும் தாங்கிக்கொள்வான். வேலை தெரியாதவன் என்று சொன்னால் தாங்க மாட்டான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் வழக்கம்போலக் கேப்டனோடு டீ குடிக்கச் சோதனை அறைக்கு வந்தார். மேசை மேல் சக்கரம் கழற்றிய சைக்கிள் கிடந்தது. பெயிண்டும் பட்டியும் போன இடத்தில் வெள்ளை மருந்து. வெள்ளையின் நடுவே ரத்தச் சிவப்பில் ஒரு கோடு. கோட்டின் இரு நுனியிலும் இரண்டு புள்ளி.

கேப்டனின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"என்னம்மா இது, ஆபீஸ் மருந்தைச் சொந்த வேலைக்கு…" என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"மருந்துக்குப் பணம் கட்டிடுறேன் சார். ஒரு சந்தேகம், அவ்வளவுதான்." தையல் இழுக்க இழுக்க, குரலைத் தேனாக்கிக்கொண்டாள். "கேப்டன் சாரைக் குத்தம் சொல்லல. சார்கிட்ட வர்றதுக்கு முன்னாடி எவனோ இதுல கை வெச்சிருக்கான். பாருங்க, விரிசலுக்கு ஓட்டை போட்டிருக்கான். போடத் தெரியாத முட்டாள்."

மேனேஜர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். "ஆமா, ஓட்டைதான்."

"முனையை விட்டுட்டு எங்கயோ தள்ளிப் போட்டிருக்கான் சார். லென்ஸ்கூட வெச்சுப் பாத்திருக்க மாட்டான். நேத்து வேலைக்குச் சேர்ந்த பய. இவனையெல்லாம் சோதனை மேசைப் பக்கமே விடக்கூடாது."

"தள்ளியெல்லாம் இல்ல" என்றான் கேப்டன்.

"தள்ளித்தான் சார் இருக்கு. முனை எதுன்னே தெரியாதவன். கண்ணு குருடு."

"முனையிலதான் இருக்கு! லென்ஸ் வெச்சுப் பாத்துத்தான் போ…"

நிறுத்திக்கொண்டான். ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

கடைசல் மிஷின் நின்றுவிட்டது. அதை யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. கேப்டன் மேசையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "ஓட்டை போட்டா நிக்கும் சார். நூத்துக்குத் தொண்ணூறு நிக்கும். நானே அதுல ரெண்டு மாசம்…"

"ரெண்டு மாசம் ஓட்டுனீங்களா?" என்றார் மேனேஜர்.



"ஓட்டல" என்றாள் அவள். "புதுசு வாங்கிட்டீங்க."

மேனேஜர் டீயைக் கடைசி மடக்குவரை குடித்தார். முடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார். அவர் கேட்டது அவளே எதிர்பாராத கேள்வி.

"இவரு கையெழுத்துப் போட்டு, இன்னும் லாரி ஏறாம எவ்வளவு சரக்கு நிக்குது?"

"மூணு அடுக்கு சார்."

"எல்லாத்தையும் திரும்பப் பாரு. நீ பாரு. கையெழுத்தும் நீயே போடு." கேப்டன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீங்க எடுத்துக் குடுங்க."

மேனேஜர் வெளியேறினார். மிஷின்காரர்களில் ஒருவன் மெல்ல, "அக்கா, டீ வேணுமா?" என்றான். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

கேப்டன் முதல் வார்ப்பை வயிற்றோடு அணைத்துத் தூக்கிவந்து மேசையில் இறக்கினான். நல்ல கனம். அவள் துடைத்து, சிவப்பைப் பூசி, கடிகாரத்தைப் பார்த்தாள். இதில் ஒரு விரிசல் இருக்க வேண்டும் என்று அவள் மனசு ஆசைப்பட்டது, அதை அவள் தனக்கே ஒளிக்கவில்லை. இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுவாள். ஆனால் மூன்று அடுக்கு இருக்கிறது. ஒவ்வொன்றையும் இவன்தான் தூக்கிவர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் இவன் இங்கேயே நிற்க வேண்டும்.

"இந்தாம்மா" என்று குரலைத் தாழ்த்தினான் அவன். "பல்லு கட்டுற செலவு நான் பாத்துக்கறேன். குழுவுல நடந்ததை எழுதிடறேன். நீ கொஞ்சம்…"

"பேசாதீங்க சார்" என்றாள் அவள், கடிகாரத்திலிருந்து கண் எடுக்காமல். "நேரம் பாத்துட்டிருக்கேன்."