தூங்காதவர் வீட்ல ஒரு தூக்கம்

எல்லாரும் எப்படி இருக்கீங்க? போன தடவை முழங்கால் வலின்னு எழுதினவங்களுக்கு இப்போ தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன். சர்ச்ல தூங்கி மாட்டிக்கிட்ட கதையைச் சொல்லலாம்னு உக்காந்தேன். வருத்தப்பட்டுச் சொல்லலை, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

வீட்டுக்காரர் பக்கவாதத்துல படுத்ததுலேர்ந்து ராத்திரி என் உடம்பு படுத்தாலும் காது படுக்கிறதில்லை. அவர் இருமினா எழுந்திரிப்பேன். இருமலைன்னா ஏன் இருமலைன்னு எழுந்திரிப்பேன். மூக்குகிட்ட கையை வச்சு மூச்சு வருதான்னு பாப்பேன். ஒருநாள் அவரே குழறிக் குழறி, "இன்னும் இருக்கேன்டி, போய்ப் படு"ன்னாரு. படுத்தேன். தூக்கம்தான் வரலை.

மத்தியானம் அவருக்குக் கை கால் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வரும். அவ இருக்கிற ஒரு மணி நேரம் எனக்கு வீட்ல வேலையில்லை. சர்ச் பக்கத்துத் தெருவுலதான். ஒருநாள் போனேன். ஜெபம் பண்ணப் போகலை, சண்டை போடத்தான் போனேன். பெஞ்சுல உக்காந்து, முன்னாடி பெஞ்சோட முதுகுல நெத்தியை வச்சு, "யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுசன், இவரைப் போய் இப்படிப் போட்டுட்டீங்களே"ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது. முழிச்சப்போ நெத்தியில மரக்கட்டையோட கோடு பதிஞ்சிருந்துச்சு. புடவைத் தலைப்பெல்லாம் எச்சில். ஆனா மனசு இருக்கே, துவைச்சு வெயில்ல காயப்போட்ட துணி மாதிரி லேசாயிடுச்சு. நடந்து வர்றப்போதான் புரிஞ்சுது. வீட்ல முழிச்சிருக்கிற ஆள் நான். அங்க வேற ஒருத்தர் முழிச்சிருக்காரு. கண்ணே மூடாத ஆளு. அவர் இருக்கும்போது நானும் கூட எதுக்கு முழிச்சிருக்கணும்?

அதுலேர்ந்து தினம் போவேன். மணியடிக்கிறவர் என் முதுகை மட்டும்தான் பாத்திருக்காரு போல. "அந்தக்கா ஆடாம அசையாம ஒரு மணி நேரம் ஜெபத்துல இருக்காங்க"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை ஆனா ஒவ்வொருத்தியா வந்து, மகளுக்கு மாப்பிள்ளை அமையணும், மகன் குடியை விடணும், உங்க ஜெபத்துல சேத்துக்கோங்கன்னு கையைப் பிடிப்பாங்க. "நான் அங்க தூங்கத்தாம்மா போறேன்"னு உள்ளதைத்தான் சொன்னேன். "பாத்தீங்களா, என்ன ஒரு தாழ்மை"ன்னு அதுக்கும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

பாட்டு எடுத்துக் குடுக்கிறவ ஒருத்தி இருக்கா, பெரிய தொண்டைன்னுதான் அவளை எல்லாரும் சொல்லுவோம். அவ ஒருநாள் நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்து சத்தமில்லாம எனக்குப் பின்னாடி முழங்கால் போட்டிருக்கா. என் ஜெபத்தோட சேந்துக்கணுமாம். கொஞ்ச நேரத்துல நான் குறட்டை விட்டிருக்கேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி செயலாளர் வாசல்லயே மறிச்சாரு.

"ஏம்மா, இது ஆலயமா சத்திரமா?"

"களைச்சுப் போனவங்களை வான்னு கூப்பிட்டவரு வீடு தம்பி. நான் களைச்சுத்தான் போயிருக்கேன்."

"கூப்பிட்டது ஜெபம் பண்ண. கால் நீட்டித் தூங்க இல்லை."

"புயல்ல படகு ஆடுறப்போ தலையணை வச்சுக்கிட்டுத் தூங்கினது யாரு, நம்ம ஆண்டவர்தானே? கடைசில திட்டு யாருக்கு விழுந்துச்சு? எழுப்பினவங்களுக்குத்தானே."

பின்னாடி யாரோ சிரிச்சாங்க. பெரிய தொண்டை சிரிக்கலை. "வீட்ல தூங்கவேண்டியதுதானேக்கா. எங்களையெல்லாம் இப்படி ஏமாத்திட்டீங்களே"ன்னா. வீட்ல தூக்கம் வந்தா நான் ஏன்டி இங்க வர்றேன்னு கேட்டேன். அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. செயலாளர் மணியடிக்கிறவரைக் கூப்பிட்டு, நாளைலேர்ந்து மத்தியானம் கதவைப் பூட்டிடணும்னு எனக்குக் கேக்கிற மாதிரியே சொன்னாரு.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன். பாதி வாய்தான் அசையும். அந்தப் பாதியால சிரிச்சாரு, தோள் குலுங்கக் குலுங்க. படுத்த நாள்லேர்ந்து அவர் அப்படிச் சிரிச்சதே இல்லை. "கு... குறட்டையா விட்ட?"ன்னாரு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "நாளைக்கும் போ"ன்னாரு.

போனேன். பூட்டுதான் தொங்குச்சு. ஒரு நிமிசம் கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்லமாட்டேன். எனக்குன்னு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தானே. அப்புறம் யோசிச்சேன். கதவைப் பூட்டிட்டா உள்ள இருக்கிறவருக்கு நான் வந்தது தெரியாமயா போயிடும்? படியிலயே உக்காந்து, கதவுல சாஞ்சு, முக்காடு போட்டுக்கிட்டேன். தெருவுல வண்டி சத்தம், வெயில், முதுகுல குத்துற பூட்டு. எல்லாத்தோடயும் தூங்கிட்டேன்.

செயலாளர் வந்து எழுப்பினாரு. "எழுந்திரிங்கம்மா. போறவங்க வர்றவங்க எல்லாம் பாக்குறாங்க. சர்ச்சுக்கு எவ்வளவு கேவலம்?"

"கேவலம் பூட்டால தம்பி, என்னால இல்லை. நிக்கிறதுன்னா அப்படியே நில்லுங்க, வெயில் மறைக்குது. பேச மட்டும் வேண்டாம்."

அவர் நிக்கலை. மறுநாளும் பூட்டு தொங்குச்சு, மறுநாளும் நான் படியில உக்காந்தேன். அடுத்த வாரம் ஒருநாள் கண்ணு சொருகுற நேரம் பக்கத்துல செருப்புச் சத்தம். பாத்தா பெரிய தொண்டை. கண்ணுக்குக் கீழ கருவளையம் அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

"தள்ளி உக்காருங்கக்கா"ன்னா. சத்தமே வரலை அவளுக்கு. "அம்மாவுக்கு ஞாபகம் போச்சு. வீட்டுக்குப் போகணும்னு விடிய விடிய கதவைத் தட்டுறாங்க. வீட்லதான்மா இருக்கீங்கன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."

"இப்போ யாரு பாத்துக்கிறா?"

"தம்பி வந்திருக்கான். கொஞ்ச நேரம் இருப்பான்."

"அப்போ பேசாதடி. படு."

அவ தலை என் தோள்ல விழுந்துச்சு. கனமான தலை. குறட்டையும் அவ பாட்டு மாதிரிதான், தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நான் அரைக்கண்ணைத் திறந்து பாத்தேன். எதிர்ல மணியடிக்கிறவர் சாவிக்கொத்தோட நிக்கிறாரு. சாவி ஒண்ணோட ஒண்ணு உரசிடக் கூடாதுன்னு கொத்தை உள்ளங்கையில இறுக்கிப் பிடிச்சிருக்காரு. பூட்டைப் பாக்கிறாரு, அதுமேல சாஞ்சிருக்கிற எங்களைப் பாக்கிறாரு. கதவைத் திறந்தா நாங்க முழிச்சுக்குவோமேன்னு அந்த வெயில்லயே நின்னுக்கிட்டிருந்தாரு.

உங்களுக்கெல்லாம் தூக்கம் எங்க வருது? கீழ எழுதுங்க, எல்லாத்தையும் படிப்பேன். மத்தியானத்துல மட்டும் என்கிட்டேருந்து பதில் வராது.